கட்டம் ஏழு, ஞானசவுந்தரி

மன்னியுங்கள் அண்ணே, வேட்டி நனைந்துவிட்டதா? கடல் தண்ணீர்தான். காய்ந்தால் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளையாகப் படியும், அலசினால் போய்விடும். இந்த பக்கெட்டுக்கு மூடி சரியாக உட்காரவில்லை. தொண்டியிலிருந்து காலுக்கு இடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். திருவாடானையில் நீங்கள் ஏறியபோது ஒதுங்கி இடம் கொடுத்தேன் பாருங்கள், அப்போது பிடி விட்டுப்போயிற்று. நீங்கள் ஏறியதைக் குறையாகச் சொல்லவில்லை.

மீன் இல்லை. புல். நிஜமாகவே புல்தான், கடலுக்கு அடியில் முளைக்கிற புல். அந்தப் பக்கத்து ஆட்கள் தாழை என்பார்கள். பாருங்கள், மூடியைத் திறக்கிறேன். அடியில் பச்சையாகத் தெரிகிறதா? இல்லை, அது பக்கெட்டின் நிறம். கொஞ்சம் இடதுபுறம். ஆமாம், அதுதான். பதினாறு மாத வேலை.

மெதுவாகச் சிரியுங்கள் அண்ணே. முன்னால் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் ஒரு மாம்பழ நிறச் சேலை தெரிகிறதா? மடியில் பெரிய பக்கெட், அதிலிருந்து இலையெல்லாம் வெளியே தொங்குகிறது, பக்கத்தில் இருக்கிற அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் சவுந்தரி அக்கா. ஞானசவுந்தரி. அதுவும் இதே புல்தான். கண்டக்டர் தொண்டியிலேயே தகராறு செய்தார். "சார், அந்தக் குட்டி பக்கெட் சும்மா வரட்டும். அந்தப் புதருக்கு லக்கேஜ் போட்டே ஆகணும்" என்றார். அக்காவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் பக்கெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "போடுங்க தம்பி, தாராளமா போடுங்க. இது டிக்கெட் எடுத்து வர்ற தாழைதான்" என்றார்.

மதுரையில் பதினொரு மணிக்கு ஒரு கூட்டம் அண்ணே. எங்கள் திட்டத்துக்கு அடுத்த மூன்று வருடம் உண்டா, இத்தோடு மூடிவிடுவதா என்று ஒரு குழு முடிவு செய்யும். மூடிவிடுவார்கள். காரணத்தை நானே எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். இந்தக் கவரில் இருக்கிறது, பதினான்கு பக்கம். தலைப்பு, "மேலாண்மைக் குறைபாடுகள்." மொத்தம் இருபத்து நான்கு குறைகள். எல்லாம் என்னுடையவை.

என் பெயர் சாத்தையா. திட்ட மேலாளர். வயதைக் கேட்காதீர்கள், கேட்டால் இருபத்தைந்து என்று உண்மையைச் சொல்லிவிடுவேன். ஊர் முதுகுளத்தூர் பக்கம். எங்கள் கண்மாயில் தண்ணீர் வந்தால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்பா ஆடு மேய்க்கிறார். வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். புள்ளியியலில் எம்.எஸ்சி. எனக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே பார்க்கிறீர்கள்? வேலை விளம்பரத்தில் "தரவுகளைக் கையாளத் தெரிந்தவர்" என்று போட்டிருந்தது. தரவு என்றால் எனக்கு உயிர். நேர்முகத்தில் எங்கள் இயக்குநர் ரங்கநாயகி மேடம், "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பொய் இல்லை அண்ணே, கிணற்றில் நீந்தியிருக்கிறேன். ஆனால் கிணற்றுக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் பிடித்துக்கொள்ளலாம். கடலில் அந்த வசதி இல்லை. இதைக் கடிதத்தில் முதல் குறையாகப் போட்டிருக்கிறேன்.

நீங்கள் உரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா? அப்படியானால் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். தொண்டிக்குத் தெற்கே நண்டுவலசை என்று ஓர் ஊர். அங்கே கடலடியில் முன்பு வயல் மாதிரி தாழை இருந்ததாம். அதில்தான் மீன் குஞ்சு பொரிக்கும், நண்டு ஒளியும், ஆவுளியா மேயும். ஆவுளியா என்றால் கடல் பசு, நம் எருமையைவிடப் பெரிதாக இருக்கும். இழுவலை இழுத்து இழுத்து தாழை போயிற்று, அதோடு மற்றதெல்லாம் போயிற்று. திரும்ப நட்டு வளர்த்து, மாதாமாதம் எண்ணிப் பார்ப்பதுதான் திட்டம். ஆவுளியா ஒரு தடவை வந்து மேய்ந்தால் போதும், திட்டம் ஜெயித்த மாதிரி என்பார் மேடம்.

பன்னிரண்டு கட்டம் போட்டோம். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு மனை அளவு. ஆறு கட்டத்தில் நட்டோம். அதற்குச் சிவப்பு மிதவை. ஆறு கட்டத்தை ஒன்றுமே செய்யாமல் சும்மா விட்டோம். அதற்கு வெள்ளை மிதவை. ஏன் சும்மா விட வேண்டும்? அதுதான் அண்ணே அறிவியல். நட்டதால் வளர்ந்ததா, தானாகவே வளர்ந்ததா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? சும்மா விட்ட கட்டம் இல்லாவிட்டால் நட்ட கட்டத்துக்கு மரியாதையே இல்லை. இதை நண்டுவலசைப் பெண்களுக்கு நாற்பத்திரண்டு படம் போட்டு விளக்கினேன். கேள்வி உண்டா என்று கேட்டேன். ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் கடலில் முங்கிப் பாசி எடுத்துப் பழகியவர்கள். ஆளுக்கொரு கட்டம் பொறுப்பு என்று சொன்னேன். எது யாருக்கு என்பதை அவர்களே தங்கள் வழக்கப்படி முடிவு செய்தார்கள். அங்கே பாசிக்குப் போகிற இடத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் ஆளுக்கொரு பொருளைக் கூடையில் போடுவார்கள். ஒருத்தி ஊக்கு, ஒருத்தி சிப்பி, ஒருத்தி உடைந்த வளையல். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியது, வருகிற வரிசையில் இடம். எனக்கு ஒரே சந்தோஷம். புள்ளியியலில் இதை எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்வோம் தெரியுமா? யாருடைய விருப்பு வெறுப்பும் கலக்காத குலுக்கல்! அறிக்கையில் ஒரு பத்தியே எழுதினேன். முதல் கட்டம் முத்துராக்குக்கு விழுந்தது, சிவப்பு. ஏழாவது சவுந்தரி அக்காவுக்கு, வெள்ளை.

அன்றைக்கே அக்கா என்னிடம் வந்தார். "சார், எல்லாருக்கும் தாழை குடுத்தீக. எனக்கு?"

"அக்கா, உங்கள் கட்டம் சும்மா இருக்க வேண்டும். அதுதான் அதன் வேலை."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு சார் எனக்குக் கூலி?"

"சும்மா இருக்கிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும் அல்லவா."

கூடையிலிருந்து தன் பொருளை எடுத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். புரிந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன்.

எண்ணுவது எப்படி என்றால், இவ்வளவு அகலத்தில் ஒரு சதுரச் சட்டம். அதைக் கட்டத்துக்குள் பத்து இடத்தில் வைத்து, உள்ளே எத்தனை குருத்து என்று எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். பெண்கள் முங்குவார்கள், மேலே வந்து எண்ணைக் கத்துவார்கள். நான் படகில் உட்கார்ந்து எழுதுவேன். தன் கட்டத்தைத் தானே எண்ணக் கூடாது, இன்னொருத்தர்தான் எண்ண வேண்டும் என்று விதி வைத்தேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லித்தான் எழுதுவேன். அந்தத் தரவில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது அண்ணே, யார் வேண்டுமானாலும் வரட்டும்.

கீழே பார்க்க மாட்டேன். எனக்கு வாந்தி வரும். படகோட்டி சீனி பாய் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். "சார், தண்ணியப் பாக்காதீக. கரையில ஒத்தப் பனை தெரியுதா, அதையே பாத்துக்கிட்டு இருங்க." வாயில் இஞ்சி மிட்டாய், கண்ணில் பனைமரம், கையில் பேனா. பதினாறு மாதமும் அப்படித்தான். அந்தப் பனையில் எத்தனை மட்டை என்று கேட்டால் சொல்வேன்.

மாதக் கடைசியில் புயல் பாதுகாப்பு மண்டபத்தில் கரும்பலகையில் எழுதி, உரக்க வாசிப்பேன். வெளிப்படைத்தன்மை வேண்டும் அல்லவா? "கட்டம் ஒன்று, முத்துராக்கு, பன்னிரண்டு." கைதட்டுவார்கள். "கட்டம் இரண்டு, சேசுமேரி, பத்து." கைதட்டுவார்கள். "கட்டம் ஏழு, ஞானசவுந்தரி, பூஜ்யம்." அதற்குக் கைதட்ட மாட்டார்கள். ஆனால் நிறையப் பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வரும். ஊரே திரண்டு வரும் அண்ணே. ஆண்கள்கூட வலை வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். அறிவியலில் மக்களுக்கு இவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மேடத்துக்குப் புகைப்படம் எடுத்து அனுப்பினேன்.

எட்டு மாதம் வாசித்தேன். எட்டு மாதமும் வெள்ளைக் கட்டம் ஆறுக்கும் பூஜ்யம். அடுத்தடுத்து ஆறு பெயர், ஆறு பூஜ்யம். டீக்கடையில் அக்காவின் கொழுந்தன், "என்ன மதினி, இந்த மாசமும் கடல்ல முட்டதானா?" என்று கேட்டாராம். முத்துராக்கு ஒரு நாள் படகிலேயே, என் முன்னாலேயே, "யக்கா, என் கட்டத்துல ரொம்ப நெருக்கமா இருக்கு. ரெண்டு புடுங்கித் தரட்டா?" என்றாள். அக்கா மூச்சைப் பிடித்து முங்கினார். நான் ஓர் இஞ்சி மிட்டாயைத் தின்று முடித்த பிறகுதான் மேலே வந்தார். பெண்களுக்குள் நல்ல ஒற்றுமை, கேலியும் கிண்டலுமாக வேலை நடக்கிறது என்று அந்த மாத அறிக்கையில் எழுதினேன்.

ஒன்பதாம் மாதம் கட்டம் ஏழில் மூன்று.

நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்றுதான். எட்டில் இரண்டு. பதினொன்றில் நான்கு. சரி, இயற்கையாக முளைத்திருக்கும் என்று எழுதினேன். அடுத்த மாதம் ஏழில் ஒன்பது. அதற்கடுத்து பதினெட்டு. சிவப்புக் கட்டமெல்லாம் பதினாறு, பதினேழில் நின்றுவிட்டது. பதினான்காம் மாதம் வெள்ளைக் கட்டம் முப்பதைத் தாண்டியது. ஏழாம் கட்டம் முப்பத்தாறு. அந்த மாதம் மண்டபத்தில் கைதட்டலும் இருமலும் இடம் மாறிவிட்டன. நான் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன்.

காரணம் தெரியுமா? ஒன்றும் செய்யாத இடம், நாம் நட்ட இடத்தைவிட இரண்டு மடங்கு வளர்ந்தால் அதற்கு என்ன அர்த்தம்? நாம் வேண்டாம் என்று அர்த்தம். மேடம் போனில் அதைத்தான் சொன்னார். "சாத்தையா, சும்மா விட்டாலே இவ்வளவு வருதுன்னா, நாம எதுக்கு? குழுவுல இதத்தான் கேப்பாங்க. என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருக்கா?" என்னிடம் எங்கே இருக்கும்? பன்னிரண்டு பெண்களின் வேலை போகும். என் வேலை போகும். அப்பா ஊரில் ஆட்டுக்காரர்களிடமெல்லாம், "எம் மகன் கடலுக்கு ஆபீசர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். கடலே தன்னைப் பார்த்துக்கொள்கிறது, ஆபீசர் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒருவேளை சிவப்பு மிதவையும் வெள்ளை மிதவையும் இடம் மாறிவிட்டதோ என்று நினைத்தேன். கண்ணால் பார்த்தால்தான் தெரியும். போன வாரம், சனிக்கிழமை, நான் இறங்கினேன் அண்ணே.

கண்ணாடி முகமூடி மாட்டிக்கொண்டேன். இடுப்பில் கயிறு கட்டி ஒரு முனையைச் சீனி பாயிடம் கொடுத்தேன். தண்ணீரில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பெண்கள் என் அக்குளைப் பிடித்துக்கொள்ளக் காத்திருந்தார்கள். கால் தரையில்லாமல் தொங்கும், பதறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அம்மா பெயரைச் சொல்லி விழுந்தேன். கைகாலை உதறினேன். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. "பாய், இழுங்க! பாய்!"

சீனி பாய் மேலிருந்து நிதானமாகச் சொன்னார். "சார், நில்லுங்க."

நின்றேன்.

நெஞ்சளவு அண்ணே.

பதினாறு மாதம்! அந்தப் பெண்கள் மேலே வந்து எண்ணைக் கத்தும்போதெல்லாம் மிதந்துகொண்டு கத்துகிறார்கள் என்று நினைத்தேன். நின்றுகொண்டு கத்தியிருக்கிறார்கள்! இதில் என்ன வேதனை என்றால், என் படிவத்தில் "ஆழம்" என்று ஒரு பத்தி உண்டு. ஒவ்வொரு மாதமும் "ஒன்று புள்ளி மூன்று மீட்டர்" என்று நானேதான் எழுதியிருக்கிறேன். என் உயரம் ஒன்று புள்ளி ஏழு. எழுதினேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. "ஏன் அக்கா, யாரும் சொல்லவில்லையே?" என்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றார்கள். இது ஒன்பதாவது குறை.

சரி, நின்றாயிற்று. முகமூடியோடு குனிந்து பார்த்தேன். முதலில் சிவப்பு. நாங்கள் நட்ட முறைப்படியே இருந்தது. மூங்கில் சட்டம், அதில் சணல் கயிற்றால் கட்டிய குருத்து, வரிசை பிசகாமல். வழுக்கைத் தலையில் எண்ணெய் வைத்து வாரிய மாதிரி. பிறகு நடந்து, ஆமாம் அண்ணே, நடந்துதான், வெள்ளைக்குப் போனேன்.

அடர்த்தி என்றால் அடர்த்தி. காலை வைத்தால் கணுக்கால் தெரியவில்லை. குட்டி மீன்கள் கூட்டமாக வந்து முழங்காலில் முட்டின. விலக்கிப் பார்த்தால், அடியில் பழைய வலைத் துண்டு. ஓரமெல்லாம் கனத்த சிப்பிகளைக் கோத்து அமுக்கி வைத்திருந்தது. வலைக் கண் வழியாகத் தாழை. ஒரு மூலையில் ஊக்கு ஒன்று குத்தி வைத்திருந்தது. இன்னொரு கட்டத்தில் உடைந்த வளையல். ஏழாம் கட்டத்தின் நடுவில் போனேன். கல்லில் கட்டி, நேராக நிறுத்தி, கடலுக்கு அடியில், ஒரு திருஷ்டி பொம்மை. நாக்கைத் துருத்திக்கொண்டு, பெரிய மீசையோடு என்னையே பார்த்தது.

நிமிர்ந்தேன். பெண்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதை யார் நட்டது?"

சவுந்தரி அக்கா சொன்னார். "தானா மொளச்சிருக்கும் சார்."

"வலையும் தானாக முளைத்ததா?"

"கடல்ல எல்லாம் வரும் சார்."

"மீசையுமா அக்கா?"

முத்துராக்குதான் முதலில் சிரித்தாள். மூக்கால் சிரித்தாள், தண்ணீர் தெறித்தது. அப்புறம் எல்லோரும். எனக்கு அழுகை வந்தது அண்ணே. நல்ல வேளை, முகமெல்லாம் ஏற்கெனவே ஈரம். ஊருக்கே தெரிந்திருக்கிறது. சீனி பாய் படகில்தான் போய் நட்டிருக்கிறார்கள், நான் ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில். எனக்கும் ரங்கநாயகி மேடத்துக்கும் மட்டும்தான் தெரியாது.

"ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள்?" என்றேன். அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது.

"எட்டு மாசம்! எட்டு மாசம் ஊரக் கூட்டி வச்சு எம் பேரச் சொல்லி பூஜ்யம் பூஜ்யம்னு வாசிச்சீகளே சார். பதினோரு வயசுல கடல்ல எறங்குனவ நானு. கொழுந்தன்லாம் கேக்குறான், முட்டையான்னு. நட விடல, பொறுப்பு மட்டும் குடுத்தீக. அப்ப நான் என்ன செய்யணும்?"

"அது உங்கள் தப்பு இல்லை அக்கா. உங்களுக்கு விழுந்த கட்டம் அப்படி."

"அத வாசிக்கும்போது சொன்னீகளா?"

சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இது பதினொன்றாவது குறை.

தாழை எங்கிருந்து கிடைத்தது என்று விசாரித்தேன். நண்டு வலையில் சிக்கி வேரும் சேறுமாக வருமாம். கரையில் உதறிக் காயப்போடுவதுதான் வழக்கம். அதை வாங்கி, வேரில் உள்ள சேற்றைக் கழுவாமல், உயிர் போவதற்குள் கொண்டுபோய் வைத்து, பழைய வலையைப் போர்த்தி அமுக்கியிருக்கிறார்கள். எங்கள் முறை வேறு. நல்ல தாழை இருக்கிற இடத்திலிருந்து ஒவ்வொரு குருத்தாக எடுத்து, வேரைச் சுத்தமாகக் கழுவி, மூங்கிலில் கட்ட வேண்டும். "குளிப்பாட்டி, தூக்குல கட்டி வச்சா வளருமா சார்?" என்று முத்துராக்கு கேட்டாள். அவள் சிவப்புக் கட்டக்காரி! அவளுக்கே எங்கள் முறையில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஏழாம் கட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் கை அகலத்துக்கு நீளமாக ஒரு கோடு. புல் இல்லாமல், மழித்த மாதிரி. அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஆவுளியா சார். மேஞ்சிட்டுப் போயிருக்கு. என் கட்டத்துக்கு மட்டுந்தான் வந்துச்சு." உடம்பெல்லாம் சிலிர்த்தது அண்ணே. அந்த மிருகம் எத்தனையோ வருடமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது வந்திருக்க வேண்டியது சிவப்புக் கட்டத்துக்கு. ஒன்றுமே செய்யாத கட்டத்துக்கு வந்து மேய்ந்தால் நான் அதை எந்தப் பத்தியில் எழுதுவது? "இழப்பு, மேய்ச்சலால்" என்று எழுதியிருக்கிறேன். இருபத்தோராவது குறை.

சீனி பாய் ஒரு வழி சொன்னார். "ரெண்டு டப்பா பெயிண்ட் சார். செவப்ப வெள்ளையாக்குங்க, வெள்ளையச் செவப்பாக்குங்க. நட்டது நல்லா வந்திருக்கு, நடாதது வரல. கத முடிஞ்சது." உங்களிடம் மறைப்பானேன், தொண்டிக்குப் போய் பெயிண்ட் வாங்கினேன். படகிலும் ஏறினேன். பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டேன். அப்போது சவுந்தரி அக்கா தண்ணீரில் நின்றுகொண்டு மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "என் கட்டத்துக்குச் செவப்பு அடிச்சா அது உங்க மூங்கில் வளத்த தாழைன்னு ஆகிரும். அடிக்க விட மாட்டேன்." நான் அடித்திருக்க மாட்டேன் அண்ணே. பிரஷ் நனைந்தது, அவ்வளவுதான். அதையும் எழுதியிருக்கிறேன். பதினெட்டு.

காளையார்கோவில் எப்போதோ போய்விட்டதா? சிவகங்கையும் தாண்டிவிட்டோமா? பேசிக்கொண்டே வந்ததில் கவனிக்கவில்லை.

இந்த இரண்டு பக்கெட்டும் சாட்சிக்குத்தான். சிவப்பில் ஒரு சட்டத்து அளவு புல், வெள்ளையில் ஒரு சட்டத்து அளவு. ஒரே அளவு, ஒரே நாள், ஒரே ஆழம். இதை வெட்டியெடுத்தது இருபத்து நான்காவது குறை. அக்கா ஏன் வருகிறார் என்றால், "என் தாழையத் தனியா அனுப்ப மாட்டேன்" என்கிறார். இந்தச் சிறிய பக்கெட்டையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அந்தச் சவலைய நீங்களே வச்சுக்கங்க" என்றுவிட்டார். கூட்டத்தில் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லிக் கூட்டி வருகிறேன்.

என்ன அண்ணே கேட்டீர்கள்? அக்காமார் வைத்த முறை நன்றாக வந்ததா, எங்கள் முறை நன்றாக வந்ததா என்றா? அவர்கள் முறைதான், சந்தேகமே இல்லை. இரண்டு மடங்குக்கு மேல். கட்டம் குலுக்கலில் விழுந்தது, எண்ணியது வேறு ஆள், ஆழம் ஒன்று, தண்ணீர் ஒன்று. அதில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி அது இல்லையே. எங்கள் கேள்வி, நட்டதா நடாததா என்பது. நடாதது என்று ஒன்று இப்போது இல்லவே இல்லை. பரிசோதனை பாழ். அவர்கள் முறை நன்றாக வந்த விஷயத்தை நான் விட்டுவிடவில்லை. பதினான்காம் பக்கத்தில் அடிக்குறிப்பாகப் போட்டிருக்கிறேன். சின்ன எழுத்தில்.

ஏன் அண்ணே சிரிக்கிறீர்கள்? கண்ணில் தண்ணீர் வருகிறது உங்களுக்கு. இல்லை, சொல்லுங்கள்.

உங்கள் கடையில் புது உரம் வந்தால் அப்படியா செய்வீர்கள்? ஒரு வயலில் பழைய உரம், பக்கத்து வயலில் புது உரம்... விவசாயியைக் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நிறுத்தி... ஆமாம். இரண்டு முறையை... ஆமாம். அதுவும் ஒப்பீடுதான். அதற்குச் சும்மா விட்ட வயல்... எட்டு மாதம் சும்மாவும் இருந்ததே. பூஜ்யம். நான்தானே வாசித்தேன்.

கொஞ்சம் பொறுங்கள் அண்ணே. அந்தத் தண்ணீர் பாட்டிலைத் தருகிறீர்களா?

எட்டு மாதம் சும்மா விட்டபோது பூஜ்யம். எங்கள் முறையில் பதினேழு. அவர்கள் முறையில்... இதை நான் பார்க்கவே இல்லையே. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. எழுதினேன். எழுதினேன், அவ்வளவுதான். ஆழம் மாதிரியே.

இருபத்தைந்தாவதாக இதையும் சேர்க்க வேண்டும்.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது போலிருக்கிறது. அக்கா எழுந்துவிட்டார். பாருங்கள், புதரோடு இங்கேதான் வருகிறார். ஆட்களெல்லாம் ஒதுங்கி வழி விடுகிறார்கள். இருங்கள் அக்கா, பஸ் நிற்கட்டும்! என்ன? இந்தச் சின்ன பக்கெட்டா? சவலை என்றீர்களே, இப்போது எதற்கு?

கேட்டீர்களா அண்ணே? "பக்கத்துல பக்கத்துல வச்சாத்தான் சார் எது ஒசத்தின்னு தெரியும். நீங்கதான சொல்லிக் குடுத்தீக" என்கிறார். நாற்பத்திரண்டு படத்தில் முப்பதாவது படம் அது. அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

பேச மாட்டாராம். மேசைமேல் இரண்டையும் வைப்பாராம், அவ்வளவுதானாம்.

சரி அக்கா. முதலில் பக்கெட். அப்புறம் கடிதம். கடிதத்தைக் கொடுக்காமல் இருக்க மாட்டேன், அதில் எல்லாம் உண்மை. ஆனால் பக்கெட்டுக்கு அப்புறம். கடைசிப் பக்கத்தை மேலே வைத்துக் கொடுக்கிறேன். ஒரு நிமிடம், பெயர் எழுதவில்லை, பேனா எங்கே? ஒட்டுத்தாள் ஈரமாகிவிட்டது. பெயர் இல்லாமல் மாதிரியைக் கொண்டுபோகக் கூடாது அக்கா.

என்னது? வாசிக்கவா? இங்கேயா? பஸ்ஸில் நாற்பது பேர் இருக்கிறார்கள் அக்கா.

"பூஜ்யத்தச் சத்தமாத்தான வாசிச்சீக" என்கிறார் அண்ணே.

சரி. நோட்டை எடுக்கிறேன், இந்த மாதக் கணக்கு. கண்டக்டர் சார், ஒரு நிமிடம். எல்லோரும் கொஞ்சம்... ஒன்றுமில்லை, ஒரே ஒரு வரிதான்.

கட்டம் ஏழு. ஞானசவுந்தரி. நாற்பத்து மூன்று.

கைதட்டுங்கள் அண்ணே.